தீயும் மண்ணும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. எனினும், இம்முறை மண்ணைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் எல்லைச் சிற்றூர்களில் குடியேறி வாழும் நமக்கு அது பொருத்தமான பொருளே. 1956 நவம்பர் 1-ஆம் நாள் களியக்காவிளையருகே மாநில எல்லை அமைந்தது. மனிதர் மொழியால் பிரிந்தனர். மண்ணும் அதனூடே ஊறும் நீரும் பிரியவில்லை. அத்தகைய மண் நஞ்சாகிவிட்டால் அதனைத் தீயினால் தூய்மை செய்ய இயலுமா? இதுவே இன்று நாம் ஆராயவிருக்கும் வினா.

இதற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கொடைக்கானலில் பாம்பார் சோலைக்கு மேலே தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து 1980-களின் முற்பகுதியில் பெயர்த்துக் கொணரப்பட்ட அவ்வாலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் மூஞ்சிக்கல் பகுதியில் பழைய பொருள் கடையொன்றில் குவிந்து கிடப்பதை 2001 மார்ச் மாதம் ஊர்மக்கள் கண்டு கிளர்ந்தெழுந்தனர். அம்மாதமே ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்கா சென்றது. கழிவு போயிற்று, ஆலை நின்ற மண்ணில் கலந்த பாதரசம் போகவில்லை.

அம்மண்ணைத் தூய்மை செய்ய வகுக்கப்பட்ட வழி நமக்குப் புதியதன்று. சாதிலிங்கத்தைச் சூடேற்றி, வாலையிலிட்டு இரசம் இறக்குவதை நம் சித்த மருத்துவர் அறிவர். அதே நெறிதான் இதுவும். தோண்டிய மண்ணை முதலில் நீரால் கழுவிச் சலித்து, நஞ்சு மிகுந்த பகுதியைப் பிரித்தெடுப்பர். அதனை மூடிய கலத்திலிட்டு, காற்றை வெளியேற்றிச் சூடேற்றுவர். பாதரசம் இயல்பாக 357 பாகை செல்சியஸில் கொதிப்பது. காற்று நீங்கிய கலத்திலோ அதனினும் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும். அவ்வாவியைக் குளிர்வித்தால் மீண்டும் பாதரசமாகச் சொட்டும். தீ நஞ்சை அழிப்பதில்லை. மண்ணிலிருந்து பிரித்து நம் கையில் தருகிறது. அதைப் பிடித்து வைக்கும் கலம் இல்லையேல், மண்ணின் நஞ்சு காற்றின் நஞ்சாகிவிடும்.

வியட்நாமிலும் இவ்வழி கையாளப்பட்டது. தானாங் வானூர்தி நிலையத்தில், போர்க்காலத்தில் அமெரிக்கப் படையினர் வைத்திருந்த களைக்கொல்லியால் டயாக்சின் என்னும் கொடிய நஞ்சு மண்ணில் ஏறியிருந்தது. 2012-இல் தொடங்கி 2018-இல் முடிந்த பணியில், ஏறத்தாழ 90,000 கன மீட்டர் மண்ணைப் பெருங்கோட்டை போன்ற அடைப்புக்குள் குவித்து, வெப்பக் கம்பிகளைச் செருகி, 335 பாகை அளவுக்குச் சூடேற்றினர். அவ்வெப்பத்தில் டயாக்சினில் பெரும்பகுதி சிதைந்தே போயிற்று. இதற்கான செலவு பத்துக் கோடி டாலரையும் கடந்தது.

ஆயினும் தீயின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. ஈயமும் குரோமியமும் இவ்வெப்பத்தில் ஆவியாகா. இராணிப்பேட்டையில் மலைபோல் குவிந்த குரோமியக் கழிவுக்கு இம்முறை பயன்படாது. மேலும், சுட்ட மண்ணில் மக்கும் சத்தும் நுண்ணுயிரும் மடிந்துவிடும். செங்கல் ஆவதற்கு அது ஏற்றதாகலாம். வாழை வைப்பதற்கு ஏற்றதாக நெடுநாள் ஆகும். கொடைக்கானலில் ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என அளவு வகுத்தபோது, சோலையும் நீரும் கருதி இன்னும் கடுமையான அளவு வேண்டுமென ஊர்மக்களும் சூழலியலாரும் வழக்காடினர். முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டது 2016-இல்தான். மண்ணைக் கழுவலாம், சுடலாம்; கழிந்த பதினைந்து ஆண்டுகளை எவ்வுலையிலிட்டு மீட்பது?

பெரியோர்களே! இங்கே நம் இல்லங்களை நோக்கி ஒன்று கூற விழைகிறேன். தீ தூய்மை செய்யும் என்று நம்பி, மாலைதோறும் கொல்லையில் பிளாஸ்டிக்கைக் குவித்துக் கொளுத்துகிறோம். செம்பு எடுப்பதற்காகப் பழைய மின்கம்பியின் உறையை எரிக்கிறோம். தானாங்கில் பெரும்பொருள் செலவிட்டு அழித்தார்களே, அந்த டயாக்சின், பி.வி.சி. புகைந்து எரியும்போது நம் முற்றத்திலேயே பிறக்கிறது! அடைத்த கலத்தின் தீ வேறு. கொல்லைத் தீ வேறு. முன்னது நஞ்சைப் பிடிக்கும். பின்னது நஞ்சை ஈனும். அச்சாம்பல் கிணற்றடியிலும் மரச்சீனித் தோட்டத்திலும் படியும். ஆதலின், வீடு தேடி வரும் ஹரித கர்ம சேனையினரிடம் பிளாஸ்டிக்கைக் கொடுத்துவிடுங்கள். டியூப் லைட்டையும் பழைய தெர்மாமீட்டரையும் உடைக்காமல் தனியே வைத்து, அவற்றை எடுக்கும் நாள் எதுவென அவர்களிடம் கேட்டுக் கொடுங்கள்.

நம் முற்றத்தைக் காத்துவிட்டு அயலார் மண்ணில் கொட்டுவதும் அறமாகாது. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவு திருநெல்வேலிச் சிற்றூர்களில் கொட்டப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைப்படி, கேரள அதிகாரிகளே லாரிகளுடன் சென்று அதனை அள்ளி வந்தனர். இரு மாநிலங்களிலும் உறவு கொண்ட நாம் இதனை எந்தப் பக்கத்தின் பெருமையாகவும் சிறுமையாகவும் கொள்ள வேண்டா. இரு புறமும் நமக்கு ஒரே மண்ணே.

நஞ்சான மண்ணைச் சுட்டு மீட்பது அறிவு. நஞ்சாகாமல் காப்பது அதனினும் பேரறிவு. முன்னதற்குக் கோடிகள் வேண்டும். பின்னதற்கு நம் மனம் ஒன்றே போதும். அம்மனம் நம் காலனியில் வீடுதோறும் மலர்க என வேண்டி அமைகிறேன்.