ஆராய்ச்சி மாணவருக்கும் நிலையாணை உண்டு

(என்ஜினீயரிங் மேற்படிப்பு மாணவர்களும் தொழிலாளிப் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பத்தாவது வகுப்போடு படிப்பை முடித்துக் கொண்ட நாம் டாக்டர் பட்டத்தைப் பற்றிப் பேச எழுந்திருப்பதைக் கண்டு சிலருக்குச் சிரிப்பு வரலாம். சிரியுங்கள், தவறில்லை. ஆராய்ச்சி செய்வது எப்படி என்று சொல்லிக் கொடுக்க நாம் வரவில்லை. அது புரொபசர்களின் வேலை. ஆனால், இருபது வருஷங்களாக ஆலை வாசலில் நின்று நிலையாணைகளையும், ஈ.எஸ்.ஐ. விதிகளையும், பிராவிடண்டு பண்டு விதிகளையும் தொழிலாளர்களுக்குப் படித்துக் காட்டியே காலம் கழித்தவர்கள் நாம். ஒரு விதியில் உரிமை எங்கே இருக்கிறது, பொறி எங்கே இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. அந்தப் பழக்கத்தை வைத்துக் கொண்டுதான் இன்று பேசப் போகிறோம்.

சென்ற ஆண்டு மில் தொழிலாளத் தோழர் ஒருவர் தம் மகளை அழைத்துக் கொண்டு நமது அலுவலகத்துக்கு வந்தார். அந்தப் பெண் எம்.இ. முடித்து, பி.எச்.டி.க்குப் பதிவு செய்தவள். அவள் கையில் ஒரு கடிதம் இருந்தது. ஆறு வருஷம் முடியப் போகிறது, அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகும் என்று அதில் எழுதியிருந்தது.

“இனி ஒன்றும் செய்வதற்கில்லை மாமா. விட்டு விடலாம் என்றிருக்கிறேன்” என்றாள்.

“ஏனம்மா தாமதம்?” என்று கேட்டோம். நாலாவது வருஷத்தில் குழந்தை பிறந்ததாம். எட்டு மாதம் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போகவில்லை. லீவு கேட்டு மனுக் கொடுத்தாயா என்றால், இல்லை. அப்படி ஒரு லீவு இருப்பதே தெரியாது. விதிப் புத்தகம் இருக்கிறதா என்றால், செல்போனில் இருக்கிறது, இங்கிலீஷில் இருக்கிறது, இதுவரை திறந்து பார்க்கவில்லை என்றாள்.

தோழர்களே, பரீட்சைக்கு ஆயிரம் பக்கம் படித்த பெண் அவள்! தன்னை ஆளுகிற சில பக்கங்களைப் படிக்கவில்லை. குற்றம் அவளுடையதா? அப்பா எட்டாவது, அம்மா ஐந்தாவது. படி என்று சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை. உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைக்கு இந்த விதிகளைச் சித்தப்பா சொல்லுவார், அத்தை சொல்லுவாள். நம் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்ல நாம்தான் இருக்கிறோம். ஆகவே இன்று சொல்லுகிறோம்.

‘வேண்டும்’ என்பதும் ‘லாம்’ என்பதும்

பல்கலைக் கழக மானியக் குழு 2022 நவம்பரில் பி.எச்.டி. பட்டத்துக்கான புதிய விதிகளை வெளியிட்டது. 2016ம் வருஷத்திய பழைய விதிகளுக்குப் பதிலாக வந்தவை இவை. நாட்டின் பல்கலைக் கழகங்கள் இவற்றை அடிப்படையாகக் கொண்டு தங்கள் சொந்த விதிகளை எழுதிக் கொள்கின்றன. ஐ.ஐ.டி.க்கள் 1961ம் வருஷத்திய தனிச் சட்டத்தின் கீழ் நடப்பவை. அவற்றின் செனட் சபைகளே விதி வகுக்கின்றன.

இந்த விதிகளைப் படிக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சில இடங்களில் ‘செய்ய வேண்டும்’ என்றிருக்கும். சில இடங்களில் ‘செய்யலாம்’ என்றிருக்கும். ‘வேண்டும்’ என்றால் உரிமை. ‘லாம்’ என்றால் தயவு. மாணவன் செய்ய வேண்டியவற்றில் ‘வேண்டும்’ நிறைய இருக்கிறது. மாணவனுக்குக் கொடுப்பதில் ‘லாம்’ நிறைய இருக்கிறது. ஆலை நிலையாணைகளிலும் இதே கதையைத்தான் நாம் பார்த்திருக்கிறோம்.

வாசலில் நிற்பவர் யார்?

முதலாவதாக, சேர்க்கை. இரண்டு வருஷ எம்.இ. அல்லது எம்.டெக். பட்டத்தில் 55 சதவீத மார்க் வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்பட்டோரில் கிரீமிலேயர் அல்லாதவர், ஊனமுற்றோர், பொருளாதாரத்தில் நலிந்தோர் ஆகியவர்களுக்கு 5 சதவீதம் தளர்த்தலாம். நாலு வருஷ பி.இ. முடித்தவர் 75 சதவீதம் பெற்றிருந்தால் எம்.இ. இல்லாமலே நேராக விண்ணப்பிக்கலாம். இது 2022ல் வந்த புது வசதி. நம் பிள்ளைகளில் பலருக்கு இது இன்னும் தெரியாது. இரண்டு வருஷக் கல்லூரிச் செலவு மிச்சம் என்றால் சாதாரண விஷயமா? சென்னை ஐ.ஐ.டி.யில் பி.எச்.டி. தவிர, பி.இ. முடித்தவர்கள் ஆராய்ச்சி செய்தே பெறும் எம்.எஸ். பட்டமும் உண்டு.

‘கேட்’ போன்ற அகில இந்தியப் பரீட்சைகளில் தேறியவர்களை இன்டர்வியூ வைத்துச் சேர்க்கலாம். பல்கலைக் கழகம் தானே பரீட்சை நடத்தினால் பாதிக் கேள்வி ஆராய்ச்சி முறையைப் பற்றியும், பாதி பாடத்தைப் பற்றியும் இருக்க வேண்டும். எழுத்துப் பரீட்சைக்கு 70 பங்கு, இன்டர்வியூவுக்கு 30 பங்கு. இந்த 30 பங்கில்தான் நம் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். விஷயம் தெரியாததால் அல்ல. இங்கிலீஷில் தடுமாறுவதால், எதிரே உட்கார்ந்திருப்பவர்களைக் கண்டு மிரளுவதால். அதற்கு நாமே சனி, ஞாயிறுகளில் உட்கார்ந்து பயிற்சி கொடுக்க முடியும். முன்பு சேர்ந்த பிள்ளைகள் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.

எத்தனை இடங்கள், எந்தத் துறையில், என்ன முறையில் சேர்க்கை என்பதை முன்கூட்டியே வெளியிட வேண்டும் என்று விதி சொல்லுகிறது. கவனியுங்கள், இங்கே ‘வேண்டும்’. இட ஒதுக்கீட்டையும் கடைப்பிடிக்க வேண்டும். மத்திய சர்க்கார் கல்வி நிலையங்களில் தாழ்த்தப்பட்டோருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பிற்பட்டோருக்கு 27 சதவீதம் என்பது 2006ம் வருஷத்திய சட்டம். மொத்தம் எத்தனை இடம், அதில் யாருக்கு எத்தனை, எத்தனை நிரம்பியது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்பவர் இல்லாத இடத்தில் கணக்கும் இருக்காது.

இன்னொரு எச்சரிக்கை. தபால் மூலமோ, ஆன்லைனிலோ பி.எச்.டி. நடத்தக் கூடாது என்று விதி தெளிவாகச் சொல்லுகிறது. வெளிநாட்டுப் பெயரைச் சொல்லி ஆன்லைன் டாக்டர் பட்டம் விற்கும் கம்பெனிகளை நம்ப வேண்டாம் என்று 2022 அக்டோபரிலேயே மானியக் குழு எச்சரித்தது. நகையை அடகு வைத்து அங்கே கொண்டு போய்க் கொட்டாதீர்கள். வேலை பார்த்துக் கொண்டே படிக்க விரும்புகிறவர்களுக்குப் பகுதி நேரப் பதிவு உண்டு. அதற்கு வேலை கொடுப்பவரின் சம்மதக் கடிதம் வேண்டும்.

புரொபசர் பதவியும் மாணவர் இடமும்

இரண்டாவதாக, வழிகாட்டி. ஒரு புரொபசர் ஒரே சமயத்தில் 8 பேருக்கும், அசோசியேட் புரொபசர் 6 பேருக்கும், அசிஸ்டெண்ட் புரொபசர் 4 பேருக்கும்தான் வழிகாட்டலாம். நிரந்தர ஆசிரியர்கள்தான் வழிகாட்டியாக இருக்க முடியும். ஓய்வு பெற மூன்று வருஷத்துக்குக் குறைவாக இருப்பவர் புதிய மாணவரைச் சேர்த்துக் கொள்ளக் கூடாது.

இந்த விதி நியாயமானதுதான். ஒரு ஆசிரியரின் பின்னால் இருபது பேர் நின்றால் யாரைக் கவனிப்பார்? ஆனால் இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நிரந்தரப் புரொபசர் ஓய்வு பெற்று, அந்தப் பதவி நிரப்பப்படாமல் கிடந்தால் 8 ஆராய்ச்சி இடங்கள் போயின. அசிஸ்டெண்ட் புரொபசர் பதவியில் ஒப்பந்த ஆசிரியரை வைத்து ஒப்பேற்றினால் 4 இடங்கள் போயின. ஒப்பந்த ஆசிரியர் டாக்டர் பட்டம் பெற்றவராகவே இருக்கட்டும், வழிகாட்ட முடியாது. ஆகவே, ஆசிரியர்கள் காலிப் பதவிகளை நிரப்பு என்று கேட்கும்போது அது அவர்களுடைய சம்பளப் பிரச்னை மட்டுமல்ல. நம் பிள்ளைகளின் இடப் பிரச்னையும் அதுதான்.

கடிகாரம் ஆறு வருஷம், கஞ்சி ஐந்து வருஷம்

மூன்றாவதாக, காலம். சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 6 வருஷம். மறுபதிவு செய்தால் இன்னும் 2 வருஷம் வரை கொடுக்கலாம், மொத்தம் 8. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் ஊனமுற்றவர்களுக்கும் மேலும் 2 வருஷம் தளர்த்தலாம்; மொத்தம் 10. பெண்களுக்குப் பிரசவத்துக்கும் குழந்தை வளர்ப்புக்குமாக 240 நாள் வரை லீவு கொடுக்கலாம். திருமணம் முதலிய காரணத்தால் வேறு ஊருக்குப் போகிற பெண், தன் ஆராய்ச்சித் தகவல்களை அங்குள்ள பல்கலைக் கழகத்துக்கு எடுத்துச் சென்று தொடரவும் வழி இருக்கிறது.

240 நாள் என்றால் என்ன? எட்டு மாதம். நமது தோழரின் மகள் இழந்தது அதே எட்டு மாதம்தான்! அவள் ஒரு மனு எழுதிக் கொடுத்திருந்தால் அது லீவு. எழுதாததால் அது ‘வராத நாள்’.

ஒவ்வொரு செமஸ்டரிலும் ஆலோசனைக் குழுவின் முன் நின்று வேலையின் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். திருப்தி இல்லை என்றால் குழு காரணத்தைப் பதிவு செய்து, திருத்த வழி சொல்ல வேண்டும். அதையும் செய்யாவிட்டால்தான், குறிப்பான காரணம் காட்டி, பதிவை ரத்துச் செய்யச் சிபாரிசு செய்யலாம். யாரும் வாய் வார்த்தையில் ‘போய் விடு’ என்று சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு கூட்டத்தின் முடிவையும் எழுத்தில் வாங்கி, பைலில் போட்டு வையுங்கள்.

இனி உபகாரச் சம்பளம். தேசியப் பரீட்சையில் தேறி ஜூனியர் பெல்லோஷிப் பெறுகிறவர்களுக்கு மாதம் 16,000 ரூபாயாக இருந்தது 2014ல் 25,000 ஆயிற்று, 2019ல் 31,000, 2023 ஜனவரி முதல் 37,000. சீனியர் பெல்லோஷிப் 42,000. இவை தாமாக உயர்ந்தனவா? 2014லும் 2019லும் உயர்வு வருமுன் ஆராய்ச்சி மாணவர்கள் நாடெங்கும் வீதிக்கு வந்தார்கள். 2015 அக்டோபரில், தேசியப் பரீட்சை தேறாத மாணவர்களுக்கு மத்தியப் பல்கலைக் கழகங்களில் கொடுத்து வந்த சிறு தொகையையும் நிறுத்த மானியக் குழு முடிவு செய்தது. டெல்லியில் மாணவர்கள் அந்த அலுவலகத்தின் முன்னாலேயே உட்கார்ந்தார்கள். அந்தத் தொகை நிற்கவில்லை.

ஆனால் இந்த பெல்லோஷிப் இரண்டும் சேர்ந்து ஐந்து வருஷத்துக்குத்தான். விதிப்படி படிப்போ ஆறு வருஷம், எட்டு வருஷம். அந்த இடைவெளியில் மாணவன் எதைச் சாப்பிடுவான்? வசதியுள்ள வீட்டில் இது கேள்வியே அல்ல. நம் வீட்டில் இது ஒன்றுதான் கேள்வி. பெல்லோஷிப் எதுவும் இல்லாமல், கைக்காசைப் போட்டுப் படிக்கும் பிள்ளைகளோ எத்தனையோ பேர்.

ஆய்வேடு கொடுத்த பிறகு

நாலாவதாக, முடிவு. பல்கலைக் கழகத்துக்கு வெளியிலிருந்து குறைந்தது இரண்டு நிபுணர்கள் ஆய்வேட்டைப் படித்துப் பார்க்க வேண்டும். பிறகு வாய்மொழித் தேர்வு. ஆய்வேடு கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இவ்வளவும் முடியும்படி பல்கலைக் கழகம் ஏற்பாடு செய்ய வேண்டும். இதைப் பலரும் அறிவதில்லை. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் என்று வாசலில் காத்துக் கிடக்கிறார்கள். கேட்டால் கோபித்துக் கொள்வார்களோ என்று பயம்.

2016 விதியில், ஆய்வேடு கொடுக்குமுன் ஒரு கட்டுரையாவது பத்திரிகையில் வந்திருக்க வேண்டும் என்றிருந்தது. 2022 விதியில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. ஆனால் சில பல்கலைக் கழகங்கள் தங்கள் சொந்த விதியில் இன்னும் அதைக் கேட்கின்றன. நல்ல பத்திரிகையில் எழுதுவது நல்லதுதான். ஆனால் காசு வாங்கிக் கொண்டு அச்சடிக்கும் போலிப் பத்திரிகைகளுக்குப் பணம் கட்டி ஏமாறாதீர்கள். சேரும் முன்பே உங்கள் பல்கலைக் கழகத்தின் விதி என்ன என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

நாம் கேட்பது என்ன?

தோழர்களே! கிண்டி என்ஜினீயரிங் காலேஜின் கதை 1794ல் ஒரு சர்வே பள்ளிக்கூடமாகத் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலத்தை அளக்க ஆள் தேவைப்பட்டது. அதற்காகச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று அதே மாதிரிக் கல்லூரிகளில் நம் பிள்ளைகள் ஆராய்ச்சி செய்ய வருகிறார்கள். இந்தக் கட்டடங்களில் நம் வரிப்பணம் இருக்கிறது. சிமெண்டைப் பற்றியும், பம்ப்செட்டைப் பற்றியும், தறியைப் பற்றியும், சாயக் கழிவைப் பற்றியும் ஆராய, அவற்றோடு பிறந்து வளர்ந்த பிள்ளைகளைவிடத் தகுதியுள்ளவர் யார்?

ஆகவே நாம் கேட்பது இவைதான். பல்கலைக் கழகங்கள் இந்த விதிகளைத் தமிழில் அச்சிட்டு, சேருகிற ஒவ்வொரு மாணவருக்கும் முதல் நாளிலேயே கொடுக்க வேண்டும். பிரசவ லீவுக்கும் கால நீட்டிப்புக்கும் எழுதியிருக்கும் ‘லாம்’ என்பதை ‘வேண்டும்’ என்று மாற்ற வேண்டும். படிப்புக் காலம் எவ்வளவோ, அவ்வளவு காலத்துக்கும் உபகாரச் சம்பளம் வேண்டும். காலி ஆசிரியர் பதவிகளை நிரப்ப வேண்டும்.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அன்று மாலையே நமது அலுவலக மேஜையில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் வைத்து, மறுபதிவுக்கு மனு எழுதினாள். இரண்டு வருஷம் கிடைத்திருக்கிறது. பெல்லோஷிப் முடிந்து விட்டது. காலையில் ஆராய்ச்சிக் கூடம், மாலையில் டியூஷன், இரவில் குழந்தை தூங்கிய பிறகு ஆய்வேடு. அவளுடைய அப்பா ஓவர்டைம் பார்க்கிறார். அவள் முடித்து விடுவாள் என்று நம்புகிறோம். ஆனால் இவ்வளவு கஷ்டம் அவளுக்குத் தேவையே இல்லை. நாலாவது வருஷத்தில் ஒருவர் அவளிடம் விதியை எடுத்துச் சொல்லியிருந்தால் போதும்.

இங்கே வந்திருக்கும் மாணவர்களே, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் பல்கலைக் கழகத்தின் விதியை எடுத்துப் படியுங்கள். புரியாத இடத்தில் கோடு போட்டுக் கொண்டு வாருங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்து வரிக்கு வரி படிப்போம். படித்த பின் சேர்ந்தே போய்க் கேட்போம்.