தெளிஞ்ச தண்ணியெல்லாம் சுத்தத் தண்ணியா?

(தோட்டப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் நடைபெற்ற தாய்மார் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை. பேசிய விதத்திலேயே இங்கு தரப்படுகிறது.)



கொழுந்து நிறுத்துட்டு, லயத்துக்குக் கூடப் போகாம நேரா இங்க வந்து உக்காந்திருக்கீங்க. அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வர்றேன்.

போன கூட்டத்துல கொதிச்சாறின தண்ணியைப் பத்திப் பேசினப்போ, பின்வரிசையில இருந்த ஒரு பாட்டி எழும்பி ஒரு கேள்வி கேட்டாங்க. "ஐயா, எங்க பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து இந்தப் பீலித் தண்ணியத்தான் குடிக்கிறோம். கண்ணாடி மாதிரி இருக்கு. இதுல என்ன அழுக்கக் கண்டீங்க?" எல்லாரும் சிரிச்சீங்க. நானும் சிரிச்சுட்டு, "சுகாதாரம் முக்கியம் பாட்டி" என்று சொல்லி முடிச்சுட்டேன். அது பதிலில்லை. அந்தக் கேள்விக்கு உரிய பதிலைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

நாலு போத்தல்

மேசையில நாலு போத்தல் வச்சிருக்கிறேன், பாருங்க. முதல் போத்தல்ல மணல் போட்டுக் குலுக்கினேன். இரண்டாவதுல நம்ம மலையில கான் வெட்டின களிமண். மூன்றாவதுல ஒரு கரண்டி உப்பு. நாலாவது, பாட்டி சொன்ன அதே பீலித் தண்ணி.

மணல் அப்பவே அடியில தங்கிடுச்சு. களிமண் போத்தல் காலையில இருந்து கலங்கியே இருக்கு. உப்புப் போத்தல் தெளிவா இருக்கு, ஆனா உப்பு எங்கயும் போகல. நாக்குல வச்சா தெரியும். ஆகத் தண்ணிக்குள்ள ஒரு பொருள் மூணு விதமா இருக்கலாம். தங்கிப் போறது ஒண்ணு. தங்காம மிதந்துக்கிட்டே இருக்கிறது இன்னொண்ணு. கரைஞ்சு மறைஞ்சு போறது மூணாவது. தண்ணியைச் சுத்தம் செய்யிற வேலை முழுக்க இந்த மூணையும் தெரிஞ்சு பிரிக்கிறதுதான்.

ஏன் ஒண்ணு சீக்கிரம் தங்குது, ஒண்ணு தங்க மாட்டேங்குது? எல்லாம் அளவைப் பொறுத்தது. ஒரு மில்லிமீற்றர்ல பத்துல ஒரு பங்கு இருக்கிற மணல், ஓர் அடி ஆழம் இறங்க அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். அதிலும் பத்துல ஒரு பங்கு வண்டலுக்கு அரை மணி நேரம். அதிலும் பத்துல ஒரு பங்குக்கு இரண்டு நாளுக்கு மேல. பக்டீரியாக் கிருமி ஏறக்குறைய இந்த அளவுதான். இன்னும் நுண்ணிய களிமண் துகளுக்கு 200 நாளுக்கு மேல ஆகும். ராத்திரி வச்ச குடம் காலையில தெளிஞ்சிருந்தா, மணலும் வண்டலும் போயிருக்கு என்று மட்டும்தான் அர்த்தம்.

தெளிஞ்ச தண்ணி கொன்ன கதை

நாலாவது போத்தலுக்கு வர்றேன். அதுக்கு முன்னால லண்டன்ல நடந்த ஒரு சம்பவம்.

1854ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசியில, அங்க புரோட் வீதி என்ற இடத்துல கொலரா வந்தது. பத்து நாளுக்குள்ள சுமார் 500 பேர் செத்தாங்க. அந்த வீதியில ஒரு கைப்பம்பு இருந்தது. அதுல வர்ற தண்ணி தெளிவானது, ருசியானது என்று பேர் வாங்கினது. வேற இடத்துக்குக் குடிபோன ஒரு விதவை அம்மா, அந்த ருசிக்காகவே தினமும் அங்கிருந்து தண்ணி எடுப்பிச்சுக் குடிச்சாங்க. அவங்க இருந்த பகுதியில கொலராவே இல்லை. ஆனா அந்த அம்மா செத்தாங்க. அதே தண்ணியைக் குடிச்ச அவங்க மருமகளும் செத்தாங்க.

ஜோன் ஸ்னோ என்ற டொக்டர் வீடு வீடாப் போய் விசாரிச்சு, காரணம் பம்புத் தண்ணிதான் என்று கண்டுபிடிச்சார். அவரும் முதல்ல அந்தத் தண்ணியை எடுத்துப் பார்த்தப்போ பெரிசா அழுக்கு ஒண்ணும் தெரியாம யோசிச்சவர்தான். செப்டெம்பர் 8ஆம் திகதி பம்போட கைப்பிடியைக் கழட்டினாங்க. பிற்பாடு தோண்டிப் பார்த்தா, கிணத்துக்கு மூணடி தூரத்துல ஒரு பழைய மலக்குழி கசிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு.

இது வெள்ளைக்காரன் நாட்டுக் கதை மட்டுமில்லை. அதே காலத்துலதான் நம்ம முப்பாட்டன்மார் கடல் தாண்டி வந்து, மன்னார்ப் பக்கம் இறங்கி, மாத்தளை வரைக்கும் காட்டுவழியா நடந்து வந்தாங்க. வழியில கொலரா எத்தனையோ பேரைக் கொண்டு போச்சு. வழியில கிடைச்ச குளத்துத் தண்ணியும் ஓடைத் தண்ணியும்தான் அவங்களுக்கு இருந்தது.

கூட்டம் முடிஞ்ச பிறகு நான் அந்தப் பாட்டிகிட்டத் தனியாப் பேசினேன். அவங்க அனுமதியோடதான் இதைச் சொல்றேன். "உங்க கூடப் பொறந்தவங்க எத்தனை பேர் பாட்டி?" என்று கேட்டேன். "ஒம்பது பேர் பொறந்தோம், அஞ்சு பேர் தங்கினோம்" என்றாங்க. போன நாலு பேருக்கும் என்ன வந்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சு, "ரெண்டு பேருக்கு வயித்தால போச்சு. மத்த ரெண்டு பேருக்கு என்னான்னு தெரியாது" என்றாங்க. பிறகு அவங்களே, "அப்ப எல்லாம் அப்பிடித்தான் ஐயா" என்றாங்க.

பாட்டன் காலத்துலயும் அந்தத் தண்ணி பிள்ளைகளைக் கொண்டு போச்சு. நாம அதைத் தண்ணிக் கணக்குல எழுதல, விதிக் கணக்குல எழுதினோம். அதுக்கு மேல இன்னொண்ணு: பாட்டன் காலத்துல ஊத்துக்கு மேல காடு இருந்தது. இன்றைக்குப் பல இடங்கள்ல லயம் இருக்கு, கக்கூஸ் குழி இருக்கு, மாட்டுப் பட்டி இருக்கு, மரக்கறித் தோட்டம் இருக்கு. மழை பெய்ஞ்சா அதெல்லாம் எங்க வரும்? கீழதான் வரும்.

முதல்ல தெளிய வைக்கணும்

களிமண் தங்காததுக்கு அளவு மட்டும் காரணமில்லை. அந்தத் துகள் ஒவ்வொண்ணும் ஒரே வித மின்னேற்றம் கொண்டது. இரண்டு காந்தத்தோட ஒரே முனையைக் கிட்டக் கொண்டுபோனா தள்ளுற மாதிரி, ஒண்ணை ஒண்ணு தள்ளும், சேராது. படிகாரக் கட்டியைத் தண்ணிக்குள்ள நாலஞ்சு சுத்துச் சுத்தினா அந்தத் தள்ளுதல் அடங்கும். துகளெல்லாம் பஞ்சு மாதிரி ஒண்ணுசேர்ந்து கனத்து இறங்கும். பெரிய நகரங்கள்ல தண்ணியைத் தெளிய வைக்கிறதும் இதே முறைதான். நம்ம பெரியவங்க தேத்தாங்கொட்டையைப் பானைக்குள்ள உரசினதும் இதுக்குத்தான்.

ஆனா படிகாரமோ தேத்தாங்கொட்டையோ கிருமியைக் கொல்லாது. வேலையில பாதி மட்டும்தான் அது. மிச்சப் பாதிக்கு நெருப்பு அல்லது குளோரின் வேணும்.

மலையில 94 பாகை போதுமா?

கொழும்புல தண்ணி 100 பாகையில கொதிக்கும். மலை ஏற ஏறக் காத்தோட அழுத்தம் குறையும். சுமார் 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலையும் குறையும். ஹட்டன்ல ஏறக்குறைய 96 பாகை, நுவரெலியாவுல ஏறக்குறைய 94 பாகையில கொதி வந்துடும். இங்க பருப்பு வேக நேரமாகுறதுக்குக் காரணம் அதுதான்.

அப்போ இங்க கொதிக்க வச்சாக் கிருமி சாகுமா என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. வயித்தோட்டம், நெருப்புக் காய்ச்சல் கொண்டு வர்ற கிருமிகளுக்கு 70 பாகையே அதிகம். செங்கமாரி கொண்டு வர்ற வைரசு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்; அதுவும் 85 பாகையில ஒரு நிமிடத்துல அழிஞ்சு போகும். நமக்கு 94 இருக்கு. போதும்.

இதுல உங்களுக்கு ஒரு லாபமும் இருக்கு. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் கொதிக்கணும் என்று நினைச்சுத்தான் பல பேர் விறகுக்குப் பயந்து விட்டுடுறாங்க. அவ்வளவு தேவையில்லை. கேத்தல்ல தண்ணி நல்லாக் குமிழ் விட்டுத் தளதள என்று வந்ததுக்குப் பிறகு ஒரு நிமிடம் போதும். 2,000 மீற்றருக்கு மேல இருக்கிற இடமென்றா மூணு நிமிடம். ராத்திரிச் சோறாக்கின அடுப்புச் சூட்டுலயே வச்சிடலாம்; விடியக்காலை நாலு மணிக்கு எழும்பி இதுக்கென்று தனியா அடுப்பு மூட்ட வேண்டியதில்லை.

ஆறின தண்ணியில கோப்பையை விட்டு மொண்டா, கையில இருக்கிற கிருமி திரும்பவும் உள்ள போயிடும். வாய் குறுகின பாத்திரத்துல மூடி வச்சு, சரிச்சு ஊத்துங்க.

குளோரின் எப்ப வேலை செய்யும், எப்ப செய்யாது

லயத்துக்குத் தண்ணி வர்ற பெரிய தொட்டியைக் கொதிக்க வைக்க முடியாது. அங்கதான் குளோரின் தூள். இந்தத் தூளைப் பத்தி நாலு விஷயம் தெரிஞ்சிருக்கணும்.

ஒண்ணு, குளோரின் கிருமியை மட்டும் தேடிப் போறதில்லை. சேறு, இலைச் சாறு, எது கிடைச்சாலும் அதோட சேர்ந்து தீர்ந்து போகும். கலங்கல் தண்ணியில போட்டா, அழுக்கோடயே முடிஞ்சிடும். கிருமி சேத்துக்குள்ள ஒளிஞ்சு தப்பிக்கும். அதனாலதான் முதல்ல தெளியணும் என்றேன்.

இரண்டு, அதுக்கு நேரம் வேணும். குறைஞ்சது அரை மணி. குளிர்ந்த தண்ணியில இன்னும் மெதுவா வேலை செய்யும். நம்ம மலைக் குளிருக்கு ஒரு மணி நேரம் விடுறது நல்லது.

மூணு, வேலை முடிஞ்ச பிறகும் கொஞ்சம் மிஞ்சணும். லீட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை மிஞ்சியிருந்தா, குழாயில வர்ற வழியில கிருமி சேர்ந்தாலும் அது பாத்துக்கும். அந்த லேசான வாசம் வந்தா "மருந்து நாத்தம்" என்று தண்ணியை ஊத்திடாதீங்க. அது காவல்காரன் இருக்கிறான் என்பதுக்கு அடையாளம்.

நாலு, திறந்து கிடக்கிற மூட்டையில தூளோட வீரியம் போயிடும். நல்ல தூள்ல நூத்துக்கு முப்பது பங்கு குளோரின் இருக்கும். 1,000 லீட்டர் தெளிஞ்ச தண்ணிக்கு அப்படியான தூள் ஏறக்குறைய 7 கிராம் கணக்கு வரும். அதை ஒரு வாளித் தண்ணியில கரைச்சு, தெளிய விட்டு, மேல் தண்ணியை மட்டும் ஊத்தணும். இது வழிகாட்டிக் கணக்குத்தான், பி.எச்.ஐ. ஐயா அளந்து பார்த்துச் சொல்ற அளவே முடிவு.

தேத்தண்ணி சொல்ற செய்தி

நம்ம மலைத் தண்ணி பெரும்பாலும் மென்தண்ணி. சோப்பு நல்லா நுரைக்கும், கேத்தல்ல வெள்ளைப் படிவு பிடிக்காது. யாழ்ப்பாணத்துல சுண்ணாம்புக்கல் நிலம்; அங்க தண்ணி கடினமானது, கேத்தல் அடியில சுண்ணாம்பு படியும். நம்ம தண்ணிக்கு வேறொரு குணம். லேசான அமிலத்தன்மை இருக்கும், அது பழைய இரும்புக் குழாயை மெல்ல மெல்ல அரிக்கும்.

உங்க தேத்தண்ணி செஞ்சாயமா இல்லாம மை மாதிரிக் கறுத்தா, தண்ணியில இரும்பு இருக்கு. தேயிலைச் சாயமும் இரும்பும் சேர்ந்தா அந்த நிறம் வரும். ஊத்துல பிடிக்கும்போது தெளிவா இருந்து, வச்ச பிறகு செங்காவி நிறமானாலும் அதே இரும்புதான். காத்துல இருக்கிற ஒக்சிசன் பட்டதும் துருவா மாறி வெளிய வருது. பயப்பட வேண்டாம். தேத்தண்ணி ஆத்துற மாதிரி ஒரு வாளியில இருந்து இன்னொரு வாளிக்கு உயரமா ஊத்தி, வச்சுத் தெளிய விட்டு, துணியில வடிகட்டுங்க. பெரும்பகுதி போயிடும்.

கொதிச்சாலும் போகாதது

கடைசியா மூன்றாவது போத்தல். உப்புத் தண்ணியைக் கொதிக்க வச்சா என்ன ஆகும்? தண்ணி வத்தும், உப்பு கூடும். கரைஞ்ச உரமும் அப்படித்தான். யூரியாவும் அமோனியா உரமும் மண்ணுல நைத்திரேட்டா மாறி ஊத்துக்கு இறங்கும். லீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல போனா, புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைக்கு ஆபத்து. இரத்தம் ஒக்சிசனைச் சுமக்க முடியாம பிள்ளை நீலம் பாரிச்சுப் போகும். களைக்கு அடிக்கிற மருந்தும் கொதிச்சாப் போகும் என்று நம்ப முடியாது.

இதுக்கு அடுப்பு மருந்தில்லை. ஊத்துக்கு மேல உரமும் மருந்தும் போடாம இருக்கிறதுதான் மருந்து. அதோட, மருந்து வந்த கேனைக் கழுவித் தண்ணி பிடிக்கிற பழக்கம் இன்னும் சில காம்பராவுல இருக்கு. எத்தனை தரம் கழுவினாலும் வேண்டாம். அடியில ஓட்டை போட்டு, மருந்துக் காம்பராவுலயே திருப்பிக் கொடுத்துடுங்க.

செய்ய வேண்டியது

ஊத்தைச் சுத்தி வேலி போடணும். கக்கூஸ் குழி ஊத்துக்கு மேல் பக்கம் இருக்கக் கூடாது, குறைஞ்சது 100 அடி தள்ளி இருக்கணும். தொட்டியைக் கழுவி மூடி போடணும். இது ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் சேர்ந்தா முடியிற வேலை. தண்ணி தூக்குறதும் கொதிக்க வைக்கிறதும் பொம்பளைகள் வேலை என்று விட்டுட்டோம்; வேலி அடிக்கிறதுக்காவது ஆம்பளைகள் வரணும்.

பாட்டி, உங்க கேள்விக்குப் பதில் இதுதான். தண்ணியில நான் அழுக்கைக் காணல. யாராலயும் காண முடியாது. காண முடியாததாலதான் கொதிக்க வைக்கச் சொல்றோம். உங்க கொள்ளுப்பேரன் இந்த நிலையத்துலதான் தூங்கிக்கிட்டு இருக்கிறான். அவன் கூடப் பொறக்கப் போறவங்களைப் பத்தி நாளைக்கு யாராவது கேட்டா, "எத்தனை பேர் தங்கினோம்" என்று அவன் எண்ணிச் சொல்ற நிலைமை வரக் கூடாது.