பொது வாசல் எல்லோருக்கும் பொதுதான்

(நமது சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பி பிளாக் வாசலில் உள்ள மூன்று படிகளுக்குப் பக்கத்தில் சாய்தளம் அமைப்பது பற்றி இன்று முடிவெடுக்க இருக்கிறோம். "சக்கர நாற்காலியில் இருப்பவர் ஒருவர்தானே, வாட்ச்மேன் தூக்கிவிட்டால் போதாதா?" என்று சிலர் கேட்கிறீர்கள். அவரும் நம்மைப் போலவே மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறார். தன் வீட்டுக்குப் போக அவர் ஏன் இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டும்?

சமூகத்தோடு சேர்ந்து வாழ்வது மாற்றுத்திறனாளிகளின் உரிமை என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு. தடையற்ற அணுகலுக்கான தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

கணக்கு எளிது. ஆறு அங்குலப் படிகள் மூன்று; மொத்த உயரம் ஒன்றரை அடி. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்றால், 18 அடி வேண்டும். இடம் மிச்சம் பிடிக்கச் செங்குத்தாகப் போட்டால் நாற்காலி பின்னால் கவிழும். இருபுறமும் கைப்பிடி அவசியம். இதற்காகச் சில பைக்குகளை வேறு இடத்தில் நிறுத்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இதை உதவியாக நினைத்து அல்ல, உரிமையாக நினைத்து வாக்களியுங்கள்.