பள்ளிப் பிள்ளைகளுக்கு வக்காலத்து

(வாலிபர் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணையாக நின்று நாம் செய்துவரும் வேலையைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். "இது உபாத்தியாயர் வேலையல்லவா? பெற்றோர் வேலையல்லவா? உங்களுக்கென்ன வக்காலத்து?" என்று சிலர் கேட்கிறார்கள். கோவிலில் இருக்கும் சாமியைச் சட்டம் ஒரு மைனரைப்போல் பாவிக்கிறது. அதன் நிலத்துக்கு ஆபத்தென்றால் அதற்காக வழக்காட மனிதர் உண்டு. பசிக்காத, அழாத கல்லுக்கே வக்காலத்து வேண்டுமென்றால், பசிக்கிற, அழுகிற, பயப்படுகிற உண்மையான மைனருக்கு வேண்டாமா?

2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரையில்தான் உரிமை கொடுக்கிறது. 8-ம் வகுப்போடு அது நின்று விடுகிறது. ஆனால் ஆபத்து ஆரம்பிப்பதே 9-ம் வகுப்பில்தான். ஆண் பிள்ளையானால் கூலிக்குப் போகக் கை கால் வலுத்துவிட்டது என்கிறார்கள். பெண் பிள்ளையானால் வயதுக்கு வந்துவிட்டாள் என்று ஜாதகத்தைத் தூக்குகிறார்கள்.

பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் உபாத்தியாயர் "படிப்பு ஏறவில்லை" என்கிறார். தகப்பனார் "தலையெழுத்து" என்கிறார். பிள்ளையை மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை. நாம் கேட்கிறோம். ஒரு பிள்ளை ஜாதிச் சான்றிதழ் கிடைக்காததால் உபகாரச் சம்பளம் போயிற்று என்கிறது. இன்னொன்று, தாயார் வேலைக்குப் போவதால் கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லை என்கிறது. மற்றொன்று, வழியில் ஒருவன் தொந்தரவு செய்கிறான் என்று அழுகிறது. தலையெழுத்து என்றார்களே, அதில் பாதி தாலுகா ஆபீசில் தூங்கும் காகிதமாயிருக்கிறது! 10-ம் வகுப்பில் தவறினவனுக்கு அதே வருஷத்தில் துணைத்தேர்வு உண்டென்பதும், அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் மேற்படிப்புக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் 2022-ல் ஏற்பட்டதென்பதும் எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? அதைச் சொல்லி, மனு எழுதச் செய்து, கூடவே போய் நிற்பதுதான் நம் வேலை.

இதைவிடக் கடினமான வேலை ஒன்று உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவன் ஒருவனை உடன்படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்த பாடமா இது? ஊர் சொல்லிக்கொடுத்த பாடம். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துருவின் குழு, மணிக்கட்டில் ஜாதிக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டுமென்று 2024 ஜூனில் சொல்லிற்று. கயிற்றை அரசாங்கம் அறுக்கலாம். கட்டிவிட்ட அண்ணனிடமும் மாமனிடமும் பேச வேண்டியவர்கள் நாமே. வெட்டுப்பட்ட பிள்ளைக்கு மாத்திரமல்ல, கத்தி எடுக்கும்படி கெடுக்கப்படுகிற பிள்ளைக்கும் நம் வக்காலத்து வேண்டும்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோர்ட்டில் கட்சிக்காரனைக் கேளாமல் வக்கீல் ராஜி செய்துகொண்டால் அவர் யோக்கியரல்லர். பிள்ளையைக் கேளாமல் "இந்தப் படிப்புப் படி" என்று நாம் தீர்மானிப்பதும் அதுவே. பிள்ளை சொன்ன இரகசியத்தைத் திண்ணையில் பேசக்கூடாது. ஆனால் உடம்புக்குத் தீங்கு செய்யப்பட்டதென்றால் மறைக்கவும் கூடாது. 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆகவேண்டும். இதைப் பிள்ளைக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். 18 வயதுக்குள் பெண்ணுக்குக் கலியாணம் என்றால் முகூர்த்தம் வரை காத்திராமல் 1098-க்குத் தெரிவிக்க வேண்டும்.

தோழர்களே! மாலையும் ஊர்வலமும் இந்த வேலைக்கு வேண்டாம். ஊருக்கு இரண்டு பேர், அவர்களில் ஒருவர் பெண், போதும். வருஷந்தோறும் ஜூன் மாதத்தில், 8-ம் வகுப்புத் தேறியவர்களில் 9-ம் வகுப்புக்கு வராதவர் யாரென்று உபாத்தியாயரிடம் விசாரித்து, அந்த வீடுகளுக்குப் போங்கள். அந்தப் பிள்ளைகள் நமக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. "நீங்கள் வரவேண்டாம், ஆபீசில் நானே பேசிக்கொள்ளுகிறேன்" என்று சொன்னால் அதுவே நமக்குக் கூலி என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.