மரபணுத் திருத்தமும் மக்கட்பேறும்

(புதுக்கோட்டையில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் கற்பிக்கும் யான் மரபணுவைப் பற்றிப் பேசப் புகுவது, உழவன் மரக்கலம் ஓட்டப் புகுந்தாற்போலும் எனச் சிலர் நகைத்தல் கூடும். ஆயினும் என் வகுப்பில் நிகழ்ந்த ஒன்று என்னைப் பேசத் தூண்டுகின்றது.

பல்லாண்டுகட்கு முன் நம்மவர் வீட்டுச் சிறுவன் ஒருவன் என்பாற் பயின்றான். ஒருநாள் அவனை எழுந்து நிற்கச் சொன்னேன். முழங்கால் நோகின்றது என்றான். செய்யுள் ஒப்பிக்க அஞ்சிச் செய்யும் பாசாங்கு என்று கருதி, அப்பாடவேளை முழுதும் அவனை நிறுத்திவைத்தேன். மறுநாள் அவன் வந்திலன். வீட்டிற் சென்று பார்த்தபோது முழங்கால் பானைபோல் வீங்கிக் கிடந்தான். ஹீமோபீலியா என்னும் குருதி உறையா நோய் அவனுக்குப் பிறவியிலேயே உண்டென்று அவன் தாய் அழுதுகொண்டே கூறினார். யான் செய்த அச்சிறுமையை இச்சபையின்முன் ஒப்புக்கொண்டே மேற்செல்கின்றேன்.

குருதியை உறையச் செய்யும் புரதங்களுள் எட்டாங் காரணி என்பது ஒன்று. அதனை ஆக்கும் மரபணு எக்ஸ் நிறப்புரியில் உள்ளது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஆதலின், அது பழுதாயின் நோய் வெளிப்படும். பெண்ணுக்கு இரண்டு உண்மையின், ஒன்று பழுதாயினும் மற்றொன்று பெரும்பாலும் காக்கும். ஆனால் அவள் மகனுக்கு அப்பழுது செல்லப் பாதி வாய்ப்பு உண்டு. இதனை அறியாத நம் ஊரார், ‘தாய்வழிச் சாபம்’ என்று அம்மாதரசியைத் தூற்றினர்.

இப்போது ஒரு நற்செய்தி. நம் தமிழ்நாட்டு வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இந்நோய் கடுமையாக உற்ற ஐவர்க்கு மரபணுச் சிகிச்சை செய்தனர். அதன் பயனை 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டனர். நோயாளியின் குருதி மூல உயிரணுக்களை வெளியே எடுத்து, தீங்கு நீக்கிய லென்டிவைரஸ் ஒன்றன் வாயிலாக நல்ல மரபணுவை அவற்றுட் புகுத்தி, பழைய மச்சையைக் கடுமருந்தால் ஒழித்தபின் மீண்டும் உடம்பிற் செலுத்துதலே அம்முறை. கண்காணித்த காலமெல்லாம் அவ்வைவர்க்கும் குருதிக்கசிவு நிகழவில்லை. இது நோயுற்றவன் தானே அறிந்து, தானே இசைந்து, தன் உடம்பிற்குச் செய்துகொள்வது. இதனை அறமன்று என்பார் யார்?

என் மாணவன் இன்று வளர்ந்து உத்தியோகத்தில் இருக்கின்றான். இச்செய்தியை அவனிடம் மகிழ்ந்து கூறினேன். அவனோ, “ஐயா, எனக்கு அவ்வாறு குணமானாலும் எனக்குப் பிறக்கும் பெண்ணுக்கு இப்பழுது போகுமல்லவா? கருவிலேயே திருத்திவிட்டால் என்ன?” என்றான். அவன் கூறியது உண்மையே. மச்சை மாறினும் விந்து மாறுவதில்லை. அவன் பெண்மக்கள் அனைவரும் அப்பழுதைத் தாங்கியே பிறப்பர்.

இவ்வினாவே என் உறக்கத்தைக் கெடுத்தது. கருவைத் திருத்தத் துணிந்தான் ஒருவன். சீனத்து ஹே ஜியான்குயி என்பவன் 2018 நவம்பரில், கிரிஸ்பர் என்னும் கருவியால் கருவிலே திருத்தப்பட்ட இரட்டைப் பெண்மகவுகள் பிறந்தன என்று அறிவித்தான். அக்கருக்களுக்கு நோய் யாதுமில்லை. எய்ட்ஸ் கிருமி பிற்காலத்தில் புகாதிருக்கவே சிசிஆர்5 என்னும் மரபணுவைச் சிதைக்க முயன்றான். உலகத்து அறிஞர் பலரும் கண்டித்தனர். 2019 டிசம்பரில் அந்நாட்டு நீதிமன்றம் அவனுக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது. நம் நாட்டிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019-இல் வகுத்த நெறிகள் வழிவழிச் செல்லும் மரபணுத் திருத்தத்தை விலக்கியுள்ளன. கிரிஸ்பர் குறித்த இடத்தில் வெட்டாது வேறிடத்தில் வெட்டினும் வெட்டும். அப்பிழை பேரன் பேர்த்தியரையும் தொடரும். அவர்களிடம் இசைவு கேட்பது எங்ஙனம்?

இஃது ஒருபுறம். நம்மை நாமே நோக்குவோம். கருவின் குறை அறிய வந்த கருவியை நாம் எதற்குப் பயன்படுத்தினோம்? பெண்கருவைக் கண்டழிக்க! அதனைத் தடுக்க 1994-இல் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. பெண்சிசுக்களைக் காக்க 1992-இல் சேலத்தில் அரசு தொட்டில் வைத்தது. இத்தகைய நம் கையில் கருத்திருத்தம் கிட்டின், முதலில் நோயைத் திருத்துவோம். பின்னர் நிறத்தை, உயரத்தை, ஆண்மையைக் கேட்போம். நம் பத்திரிகையின் வரன் பகுதியைப் பாருங்கள். ‘சிவந்த மேனி’ என்னும் சொற்றொடர் இல்லாத பத்தி அரிது. (பத்திரிகாசிரியர் பொறுத்தருள்க.)

குலத்தூய்மை என்று நாம் பெருமை பேசுவதும் ஆராயத்தக்கது. 2017-இல் நேச்சர் ஜெனெடிக்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்று, தென்னாசியாவின் 260-க்கும் மேற்பட்ட குழுவினரை ஆராய்ந்து, அவற்றுள் 81 குழுக்கள் மிகச் சிலரே மூதாதையராய் அமைந்த வழியினர் என்று கண்டது. தமக்குள்ளேயே மணந்து வருதலின், அடங்கிக் கிடக்கும் பழுதுகள் இருபாலும் ஒத்து வெளிப்படுதற்கு இடமுண்டு. மாமன் மகள், அக்காள் மகள் என்னும் முறை மணத்தில் அவ்வாய்ப்பு மிகும். தலசீமியாவை எடுத்துக்கொள்க: தாங்கிகளாகிய இருவர் மணப்பின் ஒவ்வொரு மகவுக்கும் நாலில் ஒரு பங்கு அந்நோய் வரக்கூடும். ஹீமோபீலியா அவ்வாறு உறவு மணத்தால் மிகுவதன்று. அதனை இதனோடு மயக்கற்க. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிற் கூறிய பத்துப் பொருத்தங்களுள் குருதிச் சோதனை இல்லை. சோதிடர் பார்ப்பவற்றுள்ளும் இல்லை. மணத்திற்கு முன் செய்யும் எளிய சோதனையொன்று இந்நாளில் பல குடும்பங்களைக் காக்கும்.

ஆனால் இதனிலும் ஓர் இடர் உண்டு. சோதனை முடிவு ஊரறிந்தால், தாங்கியாகிய பெண்ணை யாரும் கொள்ளார். என் மாணவனின் தங்கைக்கு வந்த வரன்கள் மூன்றும், தமையன் நோயைக் கேட்டவுடன் திரும்பின. அப்பெண்ணுக்குச் சோதனையே செய்திலர். அவளுக்குப் பழுது இல்லாதிருக்கவும் பாதி வாய்ப்பு உண்டு.

ஆதலின் நிர்வாக சபையார்க்கு இரண்டு விண்ணப்பம் செய்கின்றேன். வரன் விவரத்தாளில் ‘நிறம்’ என்னும் கட்டத்தை நீக்குக. குருதிச் சோதனையை இரு வீட்டாரும் மருத்துவரும் மட்டும் அறியச் செய்யத் தூண்டுக. தாளில் எழுதற்க, பத்திரிகையில் அச்சிடற்க. என் மாணவனின் வினாவுக்கு இன்றும் என்னிடம் விடையில்லை. அவன் தங்கையின் ஜாதகக் குறிப்பு நம் சங்கக் காரியாலயத்து அலமாரியில் நான்காண்டாய் இருக்கின்றது.