இரு பக்கமும் படியுங்கள்



சமீபத்தில் வாசித்த டாக்டர் அம்பேத்கார் அவர்களின் "ஜாதி ஒழிப்பு" நூலைப் பற்றி நமது அபிப்பிராயத்தைச் சொல்லுகிறோம். அது 1936-ல் லாகூர் ஜாத்பாத் தோடக் மண்டல் மகாநாட்டுக்கென்று எழுதிய அக்கிராசனப் பிரசங்கம். சில பாகங்களை நீக்கும்படி மண்டலார் கேட்டார்கள், அவர் மறுத்தார், மகாநாடே நின்றுபோயிற்று, பிரசங்கம் புத்தகமாயிற்று. கலப்பு மணமே ஜாதிக்கு மருந்து, ஆனால் சாஸ்திர பக்தி தொலையாதவரை ஜனங்கள் அம்மருந்தை உண்ணமாட்டார்கள் என்பதே அதன் சாரம். நமக்கும் அது சம்மதமே.

அதைவிட மேலாக நாம் மதிப்பது 1937-ல் வந்த இரண்டாம் பதிப்பை. காந்தியாரின் மறுப்பையும் தமது பதிலையும் அதிலேயே சேர்த்து அச்சிட்டார். தர்க்கம் பேசி வேதத்தை மறுப்பவனைத் தள்ளிவை என்கிறது மனு. இந்நூலோ மறுப்பவனுக்கும் இடம் கொடுக்கிறது. ஆகவே, நாம் சொன்னதற்காக இதையும் ஒப்பாதீர்கள். இரு பக்கமும் படித்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதைக் கொள்ளுங்கள்.