கொலஸ்ட்ரோல் மாத்திரையும் மலை வேலையும்

(பல்லேகலயில் நடந்த அங்கத்தவர் கூட்டத்தில் சங்கத்தின் சுகாதாரக் குழு ஆற்றிய உரை)



ரங்கலயிலிருந்தும் மடுல்கலையிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் விடியுமுன் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். சம்பளம், லயத்துக் கூரை, ஈ.பி.எஃப். எல்லாவற்றுக்கும் இன்று நேரம் இருக்கிறது. அதற்கு முன்பு, உங்களில் பலருடைய பையில் இருக்கிற ஒரு சின்ன மாத்திரையைப் பற்றிப் பேச எங்களை விடுங்கள்.

கொலஸ்ட்ரோலுக்குக் கிளினிக்கில் கொடுக்கிற மாத்திரையைத்தான் சொல்கிறோம். வாங்கி வருகிறோம். இரண்டு மாதம் போடுகிறோம். பிறகு அது ரொட்டிக் கல்லுக்குப் பக்கத்தில் பலகையில் கிடக்கிறது. ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்: "மேலெல்லாம் உளையுது."

இந்த மருந்து தசைவலியை உண்டாக்கக்கூடும் என்பது உண்மை. வைத்தியர்களும் அதைக் கேட்பார்கள். ஆனால் காலையில் பிரட்டுக்கு நின்று, மலையேறி, கூடையைத் தலையில் மாட்டி, நாள் முழுக்கக் கொழுந்து பறிக்கிற ஒருத்தியிடம் "உடம்பு வலிக்கிறதா?" என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? "எப்பவும்தான் ஐயா." அந்தப் பதிலோடு விஷயம் முடிந்துவிடுகிறது. மருந்து வலியா, மலை வலியா என்று வைத்தியருக்கும் தெரிவதில்லை, அவளுக்கும் தெரிவதில்லை. அதைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மருந்து என்ன செய்கிறது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கொலஸ்ட்ரோலில் பெரும்பகுதி நம் உடம்பிலேயே உண்டாகிறது, முக்கியமாக ஈரலில். இந்த மருந்து அந்த உற்பத்தியைக் குறைக்கிறது. அப்போது ஈரல் இரத்தத்தில் ஓடுகிற கெட்ட கொலஸ்ட்ரோலை இழுத்துக்கொள்கிறது. ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ 1973இல் ஒரு பூஞ்சணத்திலிருந்து இந்த வகையின் முதல் மருந்தைக் கண்டெடுத்தார். 1994இல் வெளியான ஸ்கண்டிநேவிய ஆய்வில் 4,444 இருதய நோயாளிகளை ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். மருந்து எடுத்தவர்களிடையே மரணம் 30 சதவீதம் குறைந்திருந்தது. மாரடைப்பில் ஆள் போன வீடு எத்தனை வரிசையில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், அந்த 30 எவ்வளவு பெரியது என்று விளங்கும்.

கொலஸ்ட்ரோல் வலிக்காது. மருந்தை விட்டாலும் மறுநாள் ஒன்றும் நடக்காது. "விட்டுட்டேன், நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்ல வைப்பது அதுதான். ரிப்போர்ட்டில் அளவு இறங்கிவிட்டது என்று நிறுத்துகிறவர்களும் உண்டு. இறங்கியது மருந்தினால். நிறுத்தினால் திரும்ப ஏறும்.

இப்போது வலிக்கு வருவோம். 2022இல் பல பெரிய ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் பாதிப்பேருக்கு உண்மையான மருந்து, பாதிப்பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. எந்த மாத்திரை என்று அவர்களுக்குத் தெரியாது. வெறும் மாத்திரை போட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு வலி என்றார்கள்! மருந்து எடுத்தவர்கள் சொன்ன வலியில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மருந்தினால் வந்ததல்ல என்று தெரிந்தது. உங்கள் வலி பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. அதை உங்களுக்குக் கொடுத்தது கூடையாக இருக்கலாம் என்கிறோம். அப்படியானால் அது நம் சங்கத்தின் பிரச்சினை, மாத்திரையின் பிரச்சினை அல்ல.

கூடை வலி கழுத்தில், முதுகில், பாரம் தாங்குகிற பக்கத்தில் இருக்கும். வேலையில்லாத நாளில் கொஞ்சம் இறங்கும். மருந்து வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும்: இரண்டு தொடை, இரண்டு கெண்டைக்கால், இரண்டு தோள். மருந்து தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய சில வாரங்களில் புதிதாக ஆரம்பிக்கும். ஓய்வெடுத்தாலும் விடாது. குந்தியிருந்து எழும்பக் கால் பலமில்லாமல் போகலாம். ஆகவே மாத்திரை தொடங்குகிற அன்றே, இப்போது எங்கெங்கே வலிக்கிறது என்று கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் பிள்ளைகளைக் கொண்டாவது எழுதி வையுங்கள். பிறகு புதிதாக ஒன்று வந்தால் வைத்தியரிடம் காட்டலாம். அவர் இரத்தம் சோதிப்பார், அளவைக் குறைப்பார், அல்லது இதே இனத்தில் வேறொன்றுக்கு மாற்றுவார். நீங்களாக நிறுத்தினால் இந்த வழி எதுவும் திறக்காது.

ஒன்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. தசை கடுமையாக வலித்து, உடம்பு பலமிழந்து, சிறுநீர் சாயத்தண்ணி நிறத்தில் போனால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தசை கரைந்து சிறுநீரகத்தை அடைக்கிற ஆபத்து அது. மிக அரிது, ஆனால் வந்தால் நாள் பார்க்க முடியாது. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இந்த ஆபத்தை வேறு மருந்துகள் கூட்டிவிடும். சளிக்கும் இருமலுக்கும் கொடுக்கிற கிளரித்ரோமைசின், எரித்ரோமைசின், படர்தாமரைக்குக் கொடுக்கிற இட்ராகொனசோல் போன்றவை. ஈரத்தில் வேலை செய்கிற நமக்குப் படர்தாமரை புதிதா? எந்த டொக்டரிடம் போனாலும், தோட்டத்து மருந்துச்சாலைக்குப் போனாலும், கிளினிக் கொப்பியை முதலில் நீட்டுங்கள். கிரேப்ஃப்ரூட் என்ற பழமும் சில ஸ்டாட்டின்களோடு ஒத்துவராது. அதன் இனமான ஜம்போலா நம் ஊரில் காய்க்கிறது. தினம் சாப்பிடுகிறவர்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதிகம் குடிக்கிறவர்கள் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஈரலுக்காக. பிள்ளை உண்டாகியிருக்கிற, உண்டாக நினைக்கிற, பால் கொடுக்கிற பெண்கள் உடனே கிளினிக்கில் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பெரும்பாலும் இந்த மாத்திரையை நிறுத்தி வைப்பார்கள்.

இன்னொரு சிக்கல், ஒரே மருந்து இரண்டு பெயரில் வீட்டுக்கு வருவது. கிளினிக்கில் அட்டோர்வாஸ்டாட்டின் என்று கொடுப்பார்கள். டவுனில் பிரைவேட் டொக்டர் அதையே லிப்பிட்டோர் என்று எழுதுவார். இரண்டையும் போட்டால் இரட்டை அளவு. பொட்டலத்தில் கம்பெனிப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அது "ஸ்டாட்டின்" என்று முடிகிற இரண்டு பொட்டலம் வீட்டில் இருந்தால், இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். மருந்தை அதன் சொந்தப் பெயரால் எழுத வேண்டும் என்று இந்த நாட்டில் போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. பக்கத்தில் பேராதனை மருத்துவ பீடத்தில் பீடாதிபதியாக இருந்தவர், 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரானவர். ஒசுசல கடைக்குப் போகிறபோது அவரை நினைத்துக்கொள்ளலாம்.

ஒரு நாள் மாத்திரையை மறந்தால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். அடுப்புப் புகையிலும் ஈரத்திலும் வைக்காமல், பிள்ளைகளுக்கு எட்டாத டின்னில் மூடி வையுங்கள். அக்காவின் மாத்திரை தங்கச்சிக்கு ஆகாது.

2022 நெருக்கடி ஞாபகம் இருக்கும். அந்த மார்ச் மாதத்தில் மருந்தில்லாமல் பேராதனை வைத்தியசாலையிலேயே வழக்கமான சத்திரசிகிச்சைகளை நிறுத்தினார்கள். மாத்திரையைப் பாதியாக உடைத்து நாளைக் கடத்தினவர்கள் அந்தப் பழக்கத்தை இன்னும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் இல்லையென்றால் வெளியில் வாங்க எழுதித் தரச் சொல்லுங்கள், முடியாவிட்டால் மாற்று என்ன என்று கேளுங்கள்.

இனி சங்கத்தின் வேலை. கிளினிக் நாளில் பாதி நாள் வரிசையில் போகிறது, திரும்பி வந்தால் அரைப்பேர்கூடக் கிடைப்பதில்லை. அன்றைய கூலியா மருந்தா என்று ஒருத்தியைத் தெரிவு செய்ய வைத்துவிட்டு, "தோட்டத்து ஆட்கள் மருந்தை ஒழுங்காகப் போடுவதில்லை" என்று பேசுவது எங்களுக்குப் பொறுக்கவில்லை. கிளினிக் கொப்பியில் திகதி முத்திரை இருந்தால் அந்த நாளுக்குப் பேர் போட வேண்டும் என்பதைத் தோட்ட நிர்வாகங்களுடனான அடுத்த பேச்சில் முன்வைக்கிறோம். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அப்படியிருந்தும் மருந்துப் பொட்டலத்தில் காலையா, இரவா, எத்தனை என்பது நமக்கு வாசிக்க முடியாத எழுத்தில் வருகிறது. தமிழிலும் எழுதித் தரும்படி மாகாண சுகாதார அதிகாரிகளுக்கு மனு தயாராகியிருக்கிறது. வெளியே மேசையில் இருக்கிறது, கையெழுத்திடுங்கள்.

கொப்பியும் பொட்டலமும் கொண்டு வந்தவர்கள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அதே மேசைக்கு வாருங்கள். மருந்தின் பெயரையும் நேரத்தையும் தமிழில் ஒரு துண்டில் எழுதி ஒட்டித் தருகிறோம்.